குளிர்கால வெயில் சுற்றுலா

குளிர்கால வெயில் சுற்றுலா என்பது, ஆண்டின் குளிர்ந்த மாதங்களில் வெப்பமும் தெளிந்த வானமும் உள்ள ஓர் இடத்தைத் தேர்ந்து, சில மணி நேர வானூர்திப் பயணத்தில் சென்று தங்கித் திரும்பும் விடுமுறைப் பழக்கம் ஆகும். இப்பழக்கம் ஐரோப்பாவில் தோன்றியது. தமிழ்நாட்டில் டிசம்பர் மாதம் குளிர்காலம் என்பதைவிட மழைக்காலம் என்பதே பொருந்தும். ஆகையால், இங்கிருந்து புறப்படுவோர் தேட வேண்டியது வெப்பத்தை அன்று, மழையில்லாத வானத்தை. இக்கட்டுரை சென்னையின் மேற்குப் புறநகர்களான ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி ஆகியவற்றுக்கு நடுவே அமைந்த பருத்திப்பட்டைப் புறப்பாட்டு இடமாகக் கொண்டு, அரையாண்டு விடுமுறையிலும் பொங்கல் விடுமுறையிலும் செல்லத்தக்க இடங்களை ஆராய்கிறது.

தோற்றம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இங்கிலாந்தின் செல்வந்தர்கள் குளிரிலிருந்து தப்பிக்கப் பிரான்சின் தென்கரையில் உள்ள நீஸ் நகருக்குச் சென்றனர். அந்நகரின் புகழ்பெற்ற கடற்கரைச் சாலை 'ஆங்கிலேயர் உலாவிடம்' என்னும் பொருள்படும் பெயரை இன்றும் தாங்கியுள்ளது. இன்று கோடைக்குப் பெயர் பெற்ற அக்கரை முதலில் குளிர்கால இடமாகவே வளர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. விக்டோரியா அரசியாரும் 1890களில் நீஸ் நகரின் சிமியே பகுதியில் தங்கியிருக்கிறார்.

வானூர்திப் பயணம் மலிந்த பின்னர் ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அருகில் உள்ள கேனரி தீவுகள் அவ்விடத்தைப் பிடித்தன. ஜனவரியில் இலண்டனின் பகல் வெப்பநிலை 8 பாகை செல்சியஸ் அளவில் இருக்க, நான்கு மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட பயணத் தொலைவில் உள்ள தெனெரீப் தீவின் தென்கரையில் அது 20 பாகையைத் தாண்டும். ஆயினும் அதே தீவின் வடகரை மேகமூட்டத்தோடும் பசுமையோடும் இருக்கும். வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்றைத் தீவின் நடுவே உள்ள உயர்ந்த மலை தடுத்து விடுவதே இதற்குக் காரணம். தீவைத் தேர்ந்தால் மட்டும் போதாது, தீவின் எந்தப் பக்கம் என்பதையும் தேர வேண்டும். இதே பாடம் நம் பகுதிக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்துகிறது.

காற்றும் கரையும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. நிலப்பகுதியிலிருந்து உலர்ந்து புறப்படும் இக்காற்று வங்காள விரிகுடாவைக் கடக்கும்போது ஈரத்தை ஏற்றுக்கொண்டு, கிழக்கு நோக்கிய கரைகளில் மழையாகக் கொட்டுகிறது. சென்னை ஓர் ஆண்டில் பெறும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி இம்மூன்று மாதங்களில் பெய்வதே. பின்னர் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து கீழிறங்கும்போது ஈரத்தை இழந்து, வெதும்பி, மேற்குக் கரையில் தெளிந்த வானத்தைத் தருகிறது. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின்போது நிலைமை அப்படியே தலைகீழாக மாறும். அப்போது கோவாவில் கடும் மழை பெய்யும்.

இதிலிருந்து பெறப்படும் விதி எளியது: டிசம்பரில் கிழக்குக் கரை ஈரம், மேற்குக் கரை உலர்வு. வியப்பளிக்கும் வகையில் இவ்விதி வங்காள விரிகுடாவுக்கு அப்பாலும் செல்லுபடியாகிறது. தாய்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள புக்கெட், கிராபி ஆகியவை நவம்பர் முதல் ஏப்ரல் வரை உலர்ந்திருக்கும். ஆனால் கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் உள்ள சாமுய் தீவிற்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையே கனமழைக் காலம். மலேசியாவில் கிளந்தான், திரங்கானு ஆகிய கிழக்குக் கரை மாநிலங்கள் ஆண்டு இறுதியில் வெள்ளத்தில் தவிக்க, மேற்கில் உள்ள லங்காவி தீவில் வானம் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். இலங்கையிலும் இப்படியே. பெந்தோட்டை, இக்கடுவை, மிரிச போன்ற தென்மேற்குக் கரை ஊர்களுக்கு டிசம்பர் முதல் மார்ச்சு வரை நல்ல காலம். திருகோணமலை, பாசிக்குடா, அறுகம்பே ஆகிய கிழக்குக் கரை இடங்களுக்கு மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஒரே நாட்டின் இரு கரைகளுக்கும் இரு வேறு நாட்காட்டிகள் என்பதை அறியாமல் அறை பதிவு செய்வோர் பலர்.

விதிக்கு விலக்குகளும் உண்டு. கேரளத்தின் தென்பகுதியும் கன்னியாகுமரியும் நவம்பரிலும் மழை பெறும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அக்கரையைத் தாக்கியபோது கடலில் இருந்த மீனவர்கள் பலர் உயிரிழந்தனர். டிசம்பர் பாதி கடந்துவிட்டால் மழை ஓய்ந்துவிடும் என்று நம்புவதற்கும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. இலங்கையில் 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின் வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அப்பேரிடர் கிழக்குக் கரையோடு நிற்கவில்லை. மலையகத்தையும் மேற்கையும் சேர்த்தே தாக்கியது. பருவக்காற்றின் விதி சராசரி வானிலைக்கானது, புயலுக்கு அது கட்டுப்படாது.

சென்னையிலிருந்து செல்லத்தக்க இடங்கள்

குறுந்தொலைவு என்பதற்கு ஒரே வரையறை இல்லை. மூன்று மணி நேரத்திற்குட்பட்ட வானூர்திப் பயணம் என்று கொள்வது வழக்கம். பருத்திப்பட்டிலிருந்து பூந்தமல்லி வழியாக மீனம்பாக்கம் வானூர்தி நிலையம் 20 கி.மீ. அளவே என்றாலும், காலை நேர நெரிசலில் அச்சாலைப் பயணம் கொழும்புக்குப் பறக்கும் நேரத்தையே எட்டிவிடலாம்.

கோவா: ஒன்றரை மணி நேரப் பயணம். நவம்பர் முதல் மழை அரிது. டிசம்பரில் பகல் வெப்பம் 32 பாகை அளவிலும் இரவு 20 பாகை அளவிலும் இருக்கும். வானிலை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் இதற்கு இணையான இடம் அருகில் இல்லை. ஆனால் கிறித்துமசு முதல் புத்தாண்டு வரையான வாரமே அங்கு ஆண்டின் மிகுந்த கூட்டமும் மிகுந்த கட்டணமும் உள்ள காலம். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறையும் அதே வாரத்தில்தான் வருகிறது. 2023 ஜனவரியில் வட கோவாவின் மோப்பா பகுதியில் இரண்டாவது வானூர்தி நிலையம் இயங்கத் தொடங்கியது. தென் கோவாவில் அறை எடுத்துவிட்டு மோப்பாவில் இறங்குவோர் மாநிலத்தின் முழு நீளத்தையும் சாலையில் கடக்க நேரிடும். அமைதியை விரும்புவோருக்குக் கருநாடகத்தின் கோகர்ணம், உடுப்பி கரைகள் பொருந்தும். அங்கும் அதே வெயில்தான்.

அந்தமான்: தலைநகரான போர்ட் பிளேர் 2024 இல் சிறீ விசயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. சென்னையிலிருந்து இரண்டே கால் மணி நேரப் பயணம். ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலைகளும் பிற நடுவண் நிறுவனங்களும் மிகுதி. நடுவண் அரசு ஊழியர்களுக்கான விடுப்புப் பயணச் சலுகையில் அந்தமானுக்கு வானூர்தியில் செல்ல அளிக்கப்பட்ட தளர்வு பலமுறை நீட்டிக்கப்பட்டது. இதனால் இப்பகுதிக் குடும்பங்களுக்கு அந்தமான் அறிமுகமான பெயர். எனினும் இத்தீவுகள் இரு பருவக்காற்றுகளிலும் மழை பெறுபவை. மறைக்கும் மலைத்தொடரும் இல்லை. நம்பத்தக்க உலர் காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரையே. கடல் கொந்தளித்தால் சுவராசு தீவுக்கான (முன்பு ஹேவ்லாக்) படகுகள் நிறுத்தப்படும். மற்றொரு செய்தி: தீவுகள் சென்னைக்குக் கிழக்கே 1,350 கி.மீ.க்கு மேல் தள்ளி இருந்தும் இந்தியச் சீர் நேரத்தையே பின்பற்றுவதால், டிசம்பரில் மாலை 5 மணி அளவிலேயே கதிரவன் மறைந்துவிடும். மாலையில் கடலாடலாம் என்று திட்டமிடுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இலங்கை: கொழும்புக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து தென்மேற்குக் கரைக்குத் தொடர்வண்டியிலேயே செல்லலாம், கடலை ஒட்டிச் செல்லும் இருப்புப்பாதை அது. யாழ்ப்பாணத்திற்குச் சென்னையிலிருந்து 2019 நவம்பரில் தொடங்கிய வானூர்திச் சேவை, 2020 இல் கொரோனாப் பெருந்தொற்றால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. யாழ்ப்பாணம் நமக்கு மிக அருகில் இருப்பினும் மழையிலும் அது சென்னையின் தம்பியே. உறவினரைக் காணவும் நல்லூர் கந்தனை வழிபடவும் டிசம்பரில் செல்லலாம், வெயிலை நாடிச் செல்வது பயன் தராது.

மாலைத்தீவு: இங்கு 'இருவை' எனப்படும் வடகிழக்குக் காற்றுக் காலமே உலர் காலம். இந்தியக் கடவுச்சீட்டு உடையோருக்கு வருகையின்போது நுழைவுரிமை கட்டணமின்றி வழங்கப்படுகிறது. விலை மிகுதி என்னும் பெயர் தனித்தீவு விடுதிகளால் வந்தது. 2000களின் இறுதியில் விதிகள் தளர்த்தப்பட்டதால், மக்கள் வாழும் தீவுகளிலும் நடுத்தரக் கட்டண விருந்தினர் இல்லங்கள் தோன்றின. கடல் வானூர்திகள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே இயங்கும். மாலையில் மாலேயில் இறங்குவோருக்கு அங்கேயே ஓர் இரவுச் செலவு கூடும்.

துபாயும் இப்பட்டியலில் அடிக்கடி சேர்க்கப்படுகிறது. வெயில் உறுதி. பயணம் நான்கு மணி நேரம் என்பதால் அது குறுந்தொலைவு ஆகாது.

டிசம்பரா, ஜனவரியா

வானிலையை மட்டும் நோக்கினால் பொங்கல் விடுமுறை அரையாண்டு விடுமுறையைவிடச் சிறந்தது. ஜனவரி நடுவில் அந்தமான் உட்பட மேற்கூறிய கரைகள் பெரும்பாலும் உலர்ந்திருக்கும், புத்தாண்டுக் கட்டண உயர்வும் தணிந்திருக்கும். குறை என்னவெனில் நாட்கள் குறைவு. மேலும் போகி அன்று அதிகாலைப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது. பழம்பொருட்களை எரிக்கும் புகையும் மார்கழிப் பனியும் கலந்து ஓடுபாதையை மறைத்துவிடும். 2018 ஜனவரி 13 அன்று இதனால் சென்னையில் ஏராளமான வானூர்திகள் தாமதமாயின, பல வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

டிசம்பர்ப் பயணத்தின் பெரிய இடர் சேருமிடத்தில் இல்லை, புறப்படும் இடத்திலேயே உள்ளது. 2015 டிசம்பர் தொடக்க வெள்ளத்தில் சென்னை வானூர்தி நிலையம் பல நாட்கள் மூடிக் கிடந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலிலும், 2023 டிசம்பர் 4 அன்று மிக்சாம் புயலிலும் மீண்டும் மூடப்பட்டது. வானிலையால் நிறுவனமே பயணத்தை இரத்து செய்தால் தனி இழப்பீடு கிடைக்காது. ஆனால் கட்டணத்தைத் திரும்பப் பெறவோ, மாற்றுப் பயணம் கேட்கவோ பயணிக்கு உரிமை உண்டு. விடுதிக்குச் செலுத்திய பணத்திற்கு இவ்விதி பொருந்தாது. ஆகவே டிசம்பருக்கு அறை பதிவு செய்யும்போது இரத்து செய்யக்கூடிய பதிவைத் தேர்வது, சற்றுக் கூடுதல் விலையாயினும், அறிவுடைமை. வீட்டைப் பூட்டிச் செல்வோர்க்கு மற்றொரு கவலையும் உண்டு. மிக்சாம் மழையில் ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளின் தாழ்ந்த தெருக்களில் வெள்ளம் தேங்கியது. கோவாவில் வெயில் காய்ந்துகொண்டிருப்பவரால் தரைத்தளத்து மின்மோட்டாரை நிறுத்தவோ, ஆவணங்களை மேலேற்றி வைக்கவோ இயலாது. சாவியை அண்டை வீட்டாரிடம் கொடுத்துச் செல்லும் பழைய வழக்கம் இம்மாதத்திற்கு மிகவும் ஏற்றது.

பயணம் இன்றி

சனவரி முதல் மார்ச்சு வரை சென்னையிலேயே பகல் வெப்பம் 30 பாகை அளவில் இருக்கும், மழையும் குறைவு. புலம்பெயர்ந்த தமிழர்கள் இங்கு வெயில் காய வருவது இக்காரணத்தாலும்தான். பருத்திப்பட்டு ஏரி ஏறத்தாழ 87 ஏக்கர் பரப்பு உடையது. சீரமைக்கப்பட்டு 2019 இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கரையைச் சுற்றி நடைபாதை உண்டு. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நீர்க்காகம் முதலிய நீர்ப்பறவைகளை இங்குக் காணலாம். செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கலில் நவம்பர் முதல் மார்ச்சு வரை பறவைகள் மிகுதி. ஒரே நாளில் சென்று திரும்பலாம்.