வாவிக்கரை வீடுகளிற் பழம்பொருள்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

மட்டக்களப்புப் பிரதேசத்தின் வரலாற்றை எழுத முற்பட்டோர் பெரும்பாலும் கல்வெட்டுகளையும் ஏட்டுச் சுவடிகளையும் கோயில் மரபுகளையுமே சான்றாகக் கொண்டனர். 1962இல் எவ். எக்ஸ். சீ. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், 1964இல் வெளிவந்த பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகமும் இத்துறையில் இன்றும் தவிர்க்கவியலா நூல்கள். குடி, கோயில், வழக்காறு பற்றி அவற்றிலிருந்து நாம் அறிவன பல. ஆயினும், ஒரு வீட்டுப் பொருள் தன் முதற்பயன் முடிந்தபின் என்னவாயிற்று என்ற வினா அவற்றின் நோக்கத்துக்கு அப்பாற்பட்டது. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கழிக்கப்பட்ட பொருளொன்று மீண்டும் ஒரு வீட்டில் இடம்பெறும்போது, அதனைக் கொண்டுவந்து சேர்த்த வணிகமோ, போரோ, புயலோ, அரசின் இறக்குமதிக் கொள்கையோ அதனுடன் சேர்ந்தே வாசற்படியைக் கடக்கின்றது. அவ்வகையில் அப்பொருள் எழுதப்படாத ஓர் ஆவணம்.

முதலில் வீடு பற்றி. மட்டக்களப்புத் தமிழரிடையே வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் செல்வது. மணமகன் பெண்வீட்டில் வந்து வாழ்வது. எனவே அடுப்படிப் பொருள்களும் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கின. குத்துவிளக்கு, செம்பு, குடம், வெற்றிலை வட்டா, படிக்கம், அம்மி, உரல், வசதியுள்ள வீடாயின் மரப்பெட்டகம் ஆகியன இவ்வழியால் வந்தவை. இவற்றைப் பழம்பொருள் என்று எவரும் அழைத்ததில்லை. பித்தளைப் பாத்திரத்தின் உட்பூச்சுத் தேய்ந்தால் ஈயம் பூசப்பட்டது. தேவை நெருங்கினால் அடகு வைக்கப்பட்டது. பித்தளை ஓர் ஏழைப் பெண்ணுக்குப் பாத்திரமாகவும் சேமிப்பாகவும் ஒருங்கே இருந்தது என்பது மனங்கொளத்தக்கது. பயன்மதிப்பும் மாற்றுமதிப்பும் ஒரே குடத்துள் அடங்கியிருந்தன.

ஆனால் நமது கவனத்துக்கு உரியவை மரபுரிமையாக வந்த இப்பொருள்களைவிட, வேறொரு தொழிலுக்காகச் செய்யப்பட்டு, அத்தொழில் முடிந்தபின் வீட்டுக்குள் நுழைந்தவையே. அவற்றுள் முதலிடம் மண்ணெண்ணெய்த் தகரத்துக்கு உரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் ஆசியச் சந்தைகளுக்குத் தகரப் பெட்டிகளில் வந்தது. ஒரு தகரத்தின் கொள்ளளவு ஐந்து அமெரிக்கக் கலன், அதாவது ஏறத்தாழ 19 லீற்றர். கப்பற் பயணத்தில் நசுங்காதிருக்க இரண்டு தகரங்கள் ஒரு மரப்பெட்டியுள் வைத்து அடைக்கப்பட்டன. எண்ணெய் விற்கும் நிறுவனங்களுக்கு இத்தகரமும் பெட்டியும் வெறும் உறை. வாங்கிய நாட்டு மக்களுக்கோ அவை எண்ணெயைப் போலவே வேண்டப்பட்ட பண்டங்கள். மேல்மூடியை வெட்டி, குறுக்கே ஒரு தடியை அறைந்தால் அது வாளி. காவுதடியின் இரு முனைகளிலும் தொங்கவிட்டால் ஒருவர் ஒரே நடையில் முப்பது லீற்றருக்கு மேல் நீர் சுமக்கலாம். மூடி பொருத்தினால் அரிசியை எலியிடமிருந்து காக்கும் பெட்டி. பிரித்துத் தட்டினால் கூரைக்கும் வேலிக்கும் தகடு. எண்ணெயை அளக்கவும் விலைபேசவும் ‘ஒரு தகரம்’ என்பதே அளவுச் சொல்லாயிற்று. மரப்பெட்டியோ இருக்கையாகவும் தட்டாகவும் மாறியது. வீட்டில் வெறுமையான ஒரு கண்ணாடிக் குப்பியின் மூடியைத் துளைத்துத் திரி கோத்தால் குப்பி விளக்கு. இவ்வாறு, மண்ணெண்ணெய் வந்த தகரமும் அது எரிந்த விளக்கும் இரண்டுமே மறுபயன்பாட்டால் ஆனவை. 1928இல் மட்டக்களப்புக்குப் புகையிரதப் பாதை வந்தபின் இறக்குமதிப் பண்டங்களின் வருகை மேலும் இலகுவாயிற்று.

இதனை வறியோரின் கைத்திறன் என்று மெச்சிவிட்டு அப்பாற் செல்வது எளிது. அவ்வாறு செல்லல் தகாது. புன்னை எண்ணெய், இலுப்பை எண்ணெய், தேங்காயெண்ணெய் ஆகியவற்றால் விளக்கெரித்த ஒரு கிராமம், தன் ஒளிக்குத் தொலைதூரத்து எண்ணெய் வயல்களை நம்பத் தொடங்கியமையின் அடையாளமும் அத்தகரமே. வாளி ஒன்று இலவசமாகக் கிடைத்தது. அதன் மறுபுறத்தில், செக்கும் உள்ளூர் எண்ணெயும் தம் இடத்தைச் சிறிது சிறிதாக இழந்தன.

தகரத்துக்கு அடுத்து இரும்பு. வாகனங்களின் வில்தகடு தேய்ந்து கழிக்கப்பட்டபின் கம்மாலைக்குச் சென்றது. அவ்வுருக்கு மிகத் தரமானது. கத்தியாகவும் மண்வெட்டியாகவும் அடிக்கப்பட்டால் நெடுங்காலம் கூர்நிற்கும். மட்டக்களப்பு நகரில் இத்தொழில்களில் பறங்கியருக்குச் சிறப்பான பங்கு இருந்தது. போர்த்துக்கேய மொழியின் ஒரு வடிவத்தைப் பேசிவந்த அச்சிறு சமூகத்தார் தச்சராகவும் கொல்லராகவும் பொறிதிருத்துநராகவும் வாழ்ந்தனர். கொழும்பு ஒல்லாந்தப் பறங்கியர் உத்தியோகத்திலும் சட்டத்திலும் உயர, இவர்கள் கைத்தொழிலாளராகவே நின்றனர். பழுதுபார்ப்போரின் வரலாறு எழுதப்படாமைக்கு வர்க்கமும் ஒரு காரணம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2004 டிசெம்பர் 26இன் கடற்கோள் இச்சமூகத்தின் கரையோரக் குடியிருப்பைப் பெரிதும் அழித்தது.

இரண்டாம் உலகப் போரும் தன் பங்கைச் செய்தது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. போர் ஓய்ந்தபின் எஞ்சியவற்றுள் வீட்டுக்குப் பயன்பட்டது எரிபொருட் பீப்பாய்: ஏறத்தாழ 200 லீற்றர் கொள்ளும் உருக்குக் கலம், நீர்த்தொட்டியாகவும் நெல் அவிக்கும் கொள்கலமாகவும் ஆயிற்று. வீதிக்குத் தார் கொண்டுவந்த பீப்பாய் தட்டப்பட்டு வேலியாயிற்று. பாடசாலை மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு மணியாக ஒலித்ததை நம்மிற் பலர் கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

1970 முதல் 1977 வரையான ஆண்டுகளின் இறக்குமதிக் கட்டுப்பாடு, அதுவரை வறியோருக்கே உரியதாயிருந்த இப்பழக்கத்தை நடுத்தர வகுப்பாரின் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தது. உதிரிப்பாகம் கிடையாது, துணி அரிது, மாச்சாக்குத் துணி உள்ளாடையாகத் தைக்கப்பட்டது. அக்காலத்தை இன்று சிலர் ஏக்கத்துடனும் சிலர் ஏளனத்துடனும் நினைவுகூர்வர். இரண்டும் பொருந்தா. பழுதுபார்க்கும் அறிவு அப்போது பெருகியது உண்மை. வரிசையில் நின்றவர்களின் களைப்பும் உண்மை.

1977இன் பின் சந்தை திறந்தது. பிளாஸ்ரிக் குடமும் அலுமினியச் சட்டியும் மலிவாகக் கிடைத்தன. துவிச்சக்கர வண்டியில் வந்து பழைய இரும்பு, பித்தளை, போத்தல் கேட்கும் வியாபாரியிடம் பாட்டியின் குடம் நிறைக்கு விற்கப்பட்டது. பெட்டகத்தின் போக்கு வேறு. கரையோரச் சுற்றுலா விடுதிகளும் மாநகரத்துச் செல்வர் இல்லங்களும் பழைய தளபாடத்தை அலங்காரமாக விரும்பத் தொடங்கின. இங்கு ஒரு முரணைக் காண்கிறோம். உடைந்த உரலில் பூச்செடி வைப்பது மாளிகையில் இரசனை. குடிசையில் அதுவே வறுமையின் அடையாளம். பொருள் ஒன்றே, அதனை வாங்காமல் இருக்கவும் தன்னால் முடியும் என்ற நிலையே இரசனையாகப் பேசப்படுகின்றது.

1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை அழித்தது எனக் கணக்கிடப்பட்டது. விழுந்த மரத்தை அப்படியே விட்டால் காண்டாமிருக வண்டு பெருகி எஞ்சிய தென்னையையும் தாக்கும். ஆகவே, மறுபயன்பாடு அங்கு சிக்கனம் அன்று, பயிர்ப் பாதுகாப்பு. முதிர்ந்த குற்றிகள் வளையும் கைமரமுமாயின. காற்று தூக்கிச் சென்ற கூரைத்தகடுகள் வயல்களில் பொறுக்கப்பட்டு, நெளிவு நிமிர்த்தி மீண்டும் ஏற்றப்பட்டன. எந்தத் தகடு எவர் வீட்டது என்று யாரும் அறியார்.

அவ்வறியாமை பேரிடரில் மன்னிக்கத்தக்கது. போரில் அவ்வாறன்று. இப்பொருளின் கடினமான பகுதி இதுவே.

நாம் கூடும் இவ்வளாகமே ஒரு மறுபயன்பாட்டின் வரலாறு. இலவசக் கல்விச் சீர்திருத்தத்தின் பயனாக எழுந்த வந்தாறுமூலை மத்திய கல்லூரியின் வளாகத்தில் 1981 ஆகஸ்ட் 1இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. 1986 ஒக்டோபர் 1இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1990இல் விரிவுரை மண்டபங்கள் அகதிகளின் உறைவிடமாயின. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆந் திகதி இம்முகாமிலிருந்து 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் மீளவில்லை. அதற்கு முந்திய மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் அயலூரான ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் படுகொலை செய்யப்பட்டிருந்தனர். தமிழ்க் கிராமத்துக்கும் முஸ்லிம் கிராமத்துக்கும் இடையே பாய், துணி, பாத்திரம், பழைய இரும்பு என்று ஓடிக்கொண்டிருந்த சிறுவியாபாரத்துக்கு மூலதனம் பணமன்று, அஞ்சாமல் ஒருவர் வாசலுக்கு மற்றவர் செல்லக்கூடிய நிலையே. அந்நிலை அக்கோடையில் அறுந்தது.

அவ்வாண்டுகளில் வடக்கிலும் ஒரு கைத்திறன் பெருகியது. பொருளாதாரத் தடையின்கீழ் யாழ்ப்பாணத்தவர் யாம் போத்தலின் அடியிற் பஞ்சு வைத்து, அது உறிஞ்சும் அளவுக்கே மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தனர். பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாயின. புகையிரதப் பாதையின் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. பாட்டன் காலத்துக் குப்பி விளக்கு இங்ஙனம் மீண்டது. இதனை மக்களின் அடங்கா ஆக்கத்திறன் எனப் போற்றும் எழுத்துகள் உள. போற்றலாம், ஆனால், தடையை விதித்தோர் அப்புகழ்ச்சியில் மறைந்துவிடலாகாது.

இடம்பெயர்ந்தோர் ஊர் திரும்பியபோது பல வீடுகளிற் சுவர் மட்டுமே நின்றது. கூரைமரம், ஓடு, கதவு, நிலை, யன்னல் யாவும் கழற்றப்பட்டிருந்தன. கழற்றப்பட்டவை காற்றிற் கரைவதில்லை. அவை எங்கோ ஒரு சந்தையில் பழைய சாமானாக விற்கப்பட்டு, எங்கோ ஒரு வீட்டிற் பொருத்தப்பட்டன. வாங்கியவருட் பலர் தாமும் வீடிழந்த வறியோராகவே இருந்திருப்பர். அவர்களைக் குற்றஞ்சாட்டுவதாற் பயனில்லை. ஆயினும், பலாமரக் கதவொன்றைக் கண்டு அதன் வேலைப்பாட்டை வியக்கும் ஆய்வாளர், அது முன்பு எந்த நிலையில் நின்றது, எந்த ஆண்டிற் கழற்றப்பட்டது என்று கேளாது விடுவாராயின், அவர் வரலாற்றை அன்றி மரத்தையே ஆராய்கின்றார்.

சட்டம் இங்கு உதவுவதில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தொல்பொருள் என்பதற்கு 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைக்கின்றது. கண்டி அரசு வீழ்ந்த அந்நாளுக்கு முந்தியது தொல்பொருள். பிந்தியது அவ்வரைவிலக்கணத்துள் அடங்காது. மேலே பேசப்பட்ட தகரம், பீப்பாய், தண்டவாள மணி, கழற்றப்பட்ட கதவு எவற்றுக்கும் அதில் இடமில்லை. பழம்பொருள் வணிகருக்கோ கதவு மட்டுமே வேண்டும், அதன் முகவரி வேண்டாம்.

ஆகவே இப்பணி பிரதேசப் பல்கலைக்கழகத்தையும் அதன் தமிழ்ச் சங்கத்தையுமே சாரும். மாணவர் தத்தம் ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு பொருள் என்ற அளவிலேனும், அது முதலில் எதற்காகச் செய்யப்பட்டது, எவர் கொண்டுவந்தார், பின்னர் எதுவாயிற்று என்பவற்றை முதியோரிடம் கேட்டுப் பதியலாம். கதவின் கதையைச் சொல்ல ஒரு சாரார் தயங்கக்கூடும். அத்தயக்கத்தையும் பதிய வேண்டும். தகரத்தின் கதையைச் சொல்ல எவரும் தயங்கார். ஆனால் மண்ணெண்ணெய்த் தகரத்தை நேரிற் காண விரும்புவோர் விரைவது நன்று. வாவிக்கரையின் உவர்க்காற்றில் அது நெடுநாள் நிற்பதில்லை.