நாள் குறித்துச் சொன்னவர்

மதுரைச் சீமையில் கண்மாய்கள் வறண்டு கிடக்கும் வேளையில் இரண்டு ஜோசியர்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். "ஐப்பசியில் ஒரு நாள் பெருமழை" என்கிறார் ஒருவர். "ஐப்பசி 12ஆம் தேதி" என்கிறார் மற்றவர். 12ஆம் தேதியே மழை கொட்டிவிட்டது. இருவர் வாக்கும் பலித்ததுதான். மாலை யாருக்கு?

இதற்குக் கணக்கு இருக்கிறது. 1761இல் காலமான தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியாரின் கட்டுரை 1763இல் அச்சாயிற்று. அதிலிருந்து வளர்ந்த முறை இது. முதல்வர் தம் வாக்கை 30 நாளுக்கும் பங்கு போட்டுவிட்டார். மற்றவரோ முழுவதையும் ஒரே நாளில் வைத்தார். ஆகவே, முதல்வரோடு ஒப்பிட்டு அவர்மேல் முன்பு வைத்திருந்த நம்பிக்கையை 30 மடங்காக்க வேண்டும். அன்று வெயில் காய்ந்திருந்தால் அவர் கடையைக் கட்ட வேண்டியதுதான்!

பௌதிகத்தில் இத்தகைய வழக்கொன்று மதுரை ஜில்லாவிலேயே நடந்தது. கோடைக்கானல் அப்போது இந்த ஜில்லாவைச் சேர்ந்தது. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின், சூரியனை ஆராய்ந்தால் மழையின் போக்குப் புலப்படுமோ என்ற ஆசையும் சேர்ந்து 1899இல் அங்கே ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1911 முதல் 1923 வரை அதன் தலைவர் ஜான் எவர்ஷெட்.

சூரியனின் ஈர்ப்பினால் அதன் ஒளிக்கோடுகள் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு சிவப்புப் பக்கம் நகரும் என்று 1911இல் ஐன்ஸ்டைன் எழுதினார். அது நாள் குறித்த வாக்கு. எவர்ஷெட் அளந்தார். நகர்வு இருந்தது, ஆனால் சூரிய வட்டத்தின் நடுவில் குறைவு, விளிம்பில் அதிகம். சூரிய வாயுக்களைப் பூமியே விலக்கித் தள்ளுகிறதோ என்றுகூட யோசித்தார். சூரியனின் மறுபக்க ஒளியைப் பிரதிபலிக்கும் சுக்கிரனைப் படம் பிடித்து அதையும் சோதித்தார். ஆயினும் அந்த ஊகம் எந்த அளவுக்கும் இடம் கொடுக்கக்கூடியது. ஐப்பசி முழுவதையும் வளைத்துக்கொண்ட ஜோசியம்.

இத்தகைய கணக்கை உண்மையாகவே போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. புதன் கிரகத்தின் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை கூடுதலாகத் திரும்புவதை வைத்து, 1992இல் ஜெஃப்ரிஸும் பெர்கரும் கணக்கிட்டார்கள். வளைந்துகொடுத்த பழைய விளக்கங்களைவிட, ஒரே எண்ணைச் சொன்ன ஐன்ஸ்டைன் பக்கமே தராசு சாய்ந்தது.

எவர்ஷெட்டைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1919 கிரகணத்துக்குப் பிறகு உலகமே ஐன்ஸ்டைனைக் கொண்டாடியது. அதற்காக அவர் தம் அளவைத் திருத்திக்கொள்ளவில்லை. சாட்சி கனத்தபின் 1920களில் ஐன்ஸ்டைனை ஏற்றார். நடுவில் நகர்வைக் குறைத்துக் காட்டியது மேலெழும் வாயுக்களே என்பது பின்னால் தெளிவாயிற்று. ஊருக்காக நம்புவதும் வீம்புக்காக மறுப்பதும் சுலபம். சாட்சியின் எடைக்கு எடை மனத்தை நகர்த்துவது அரிது.