தூரத்தின் விலை: புத்தளக் கரையிலிருந்து தொடக்ககாலத் தொலைபேசிவழி இணையத்தை மதிப்பிடல்

இலங்கையின் தொடக்ககாலத் தொலைபேசிவழி இணையத்தைப் பற்றி எழுதுவோர் அதன் வேகத்தைப் பழிப்பதோடு நின்றுவிடுகின்றனர். அறுந்துபோகும் இணைப்பும் பாதியில் நின்றுவிடும் படமும் கொழும்புவாசியின் முறைப்பாடுகள். புத்தளம் மாவட்டத்துச் சிலாபத்திலிருந்தோ கற்பிட்டியிலிருந்தோ பார்த்தால், அச்சேவையின் குறை வேகத்தில் இல்லை. அதை எட்டுவதற்கான தொலைபேசிக் கட்டணத்தில் இருந்தது.

1990இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அபய இந்துருவவின் முயற்சியால் தொடங்கிய 'லேர்ன் மெயில்' மின்னஞ்சல் சேவை அக்கட்டணத்தைச் சிக்கனப்படுத்தியதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. பல்கலைக்கழகத்தாரின் கடிதங்கள் ஓரிடத்தில் சேரும். ஒரே சர்வதேச அழைப்பில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்துக்குச் செல்லும். பதில்களும் அவ்வழியே திரும்பும். தபால் பை கட்டி அனுப்புவது போன்ற இந்த ஏற்பாட்டைப் பிற்போக்கு என்பார் உளர். நான் அப்படிக் கருதவில்லை. 2400 பிட் மொடெம் நொடிக்கு ஏறத்தாழ 240 எழுத்துகளைக் கடத்தும். ஒரு பக்கக் கடிதத்துக்குப் பத்து விநாடி போதும். குரல் அழைப்புக்கு இரு முனையிலும் ஆள் வேண்டும். வளைகுடா நாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்த தாயொருத்தி நினைத்த நேரத்தில் தொலைபேசிக்கு வர முடியாது. கடிதமோ அவளுக்காகக் காத்திருக்கும்.

ஆனால் அது பல்கலைக்கழகத்தாருக்கான சேவை. அதே 1990 ஒக்டோபரில்தான் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். மன்னாரிலிருந்து படகேறிக் கற்பிட்டியில் இறங்கியோர் உட்படப் பல்லாயிரவர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். சிதறிய உறவுகளைத் தேடுவோருக்கு மலிவான கடிதத் தொடர்பு மிகவும் தேவைப்பட்ட வேளையில், அதைத் தரவல்ல தொழில்நுட்பம் சில வளாகங்களுக்குள் அடங்கிக் கிடந்தது.

1995இல் லங்கா இன்டர்நெட் சேர்விசஸ் வணிகச் சேவையைத் தொடங்கியது. அதைப் பயன்படுத்தப் புத்தளத்துக்காரர் 130 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்பு மொடெமை அழைக்க வேண்டும். புத்தளம் அடங்கிய 032 தொலைபேசி வலயத்திலிருந்து கொழும்புக்குப் பேசுவது வெளிமாவட்ட அழைப்பு. இணையத்துக்கென ஒரு கட்டணம், வழிக்கென மற்றொன்று. வீட்டுத் தொலைபேசிக்கே ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது என்பதையும் சேர்த்துக்கொள்க.

இவ்விடத்தில், தொலைபேசி வழியே தகவல் தந்த பிரான்சின் மினிடெல் சேவை நினைவுக்கு வருகிறது. 1982இல் நாடெங்கும் அறிமுகமாகி 2012இல் மூடப்பட்ட அச்சேவையை, இணையத்தின் வருகையைத் தாமதப்படுத்திய மூடிய அமைப்பு என்று குறைகூறுவது வழக்கம். குறையில் உண்மை உண்டு. எனினும் பாரிஸில் இருப்பவருக்கும் அந்நாட்டின் பிரித்தானிக் கடற்கரை மீனவருக்கும் அதில் ஒரே கட்டணம், முனையமும் இலவசம். திறந்த இணையம் நமக்குத் தராத சமத்துவத்தை அந்த மூடிய சேவை தன் நாட்டு மக்களுக்குத் தந்தது. கட்டற்றது என்பதும் எட்டக்கூடியது என்பதும் ஒன்றல்ல.

எழுத்துச் சிக்கலும் இருந்தது. ஒருங்குறி பரவாத அக்காலத்தில் தமிழ்க் கடிதம் ஆங்கில எழுத்துகளில் போனது, அல்லது இரு முனையிலும் ஒரே எழுத்துரு இருக்க வேண்டியதாயிற்று. தமிழைப் படமாக்கி அனுப்புவதும் வழக்கம்: 28.8 கிலோபிட் மொடெமில் 100 கிலோபைட் படத்துக்கு அரை நிமிடம் ஆகும். மெதுவான இணைப்பின் சுமை தமிழில் எழுதுவோர் மீது சற்றுக் கூடுதலாகவே விழுந்தது.

1999இல் யுனெஸ்கோ ஆதரவுடன் கொத்மலைச் சமுதாய வானொலி வேறொரு வழியைச் சோதித்தது. நேயர்கள் கேட்டவற்றை அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி ஒலிபரப்பினர். ஓர் இணைப்பு ஊர் முழுவதற்கும் பயன்பட்டது. புத்தளக் கரையில் அதற்கு ஈடாகச் சொல்லத்தக்கவை, கட்டணம் பெற்றுத் தொலைபேசியில் பேசவிட்ட 'கொமியூனிகேசன்' கடைகளே. வென்னப்புவயிலிருந்து இத்தாலிக்கும் கற்பிட்டியிலிருந்து வளைகுடாவுக்கும் பேச வந்தோர் அங்குக் கட்டணத்தைப் பகிரவில்லை, கருவியைப் பகிர்ந்தனர். எனவே அக்கடைகளைக் கொத்மலையின் சிறு பதிப்பு என்று சொல்வது மிகை.

சர்வதேச அழைப்பில் ஸ்ரீலங்கா டெலிகொம்முக்கு இருந்த தனியுரிமை 2002 ஓகஸ்டில் முடிந்ததும் அழைப்புக் கட்டணம் சரிந்தது. 2005க்குப் பின் கம்பியில்லாச் சிடிஎம்ஏ தொலைபேசிகள் கரையோரக் கிராமங்களுக்கும் வந்தன. அவ்விரண்டையும் மொடெமின் வேக வளர்ச்சி கொண்டுவரவில்லை. கொள்கை முடிவுகள் கொண்டுவந்தன.