பெரட்டுக்கும் பாடத்துக்கும் இடையே: ஜொகூர்த் தமிழ்ப் பெற்றோரும் தேர்வு ஆண்டும்

பொதுத் தேர்வு எழுதவிருக்கும் பிள்ளைக்குப் பெற்றோர் துணைநிற்பது பற்றி இன்று பேச்சு எழும்போது, பாடம் சொல்லிக் கொடுப்பதும் டியூஷனுக்கு அனுப்புவதும் கால அட்டவணை போட்டுத் தருவதுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. மலேசியத் தீபகற்பத்தின் தென்கோடியில் உள்ள ஜொகூர் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களுக்கு இவற்றுள் எதையும் செய்ய வெகுகாலம் வழியிருக்கவில்லை. பெற்றோரில் பலர் எழுதப் படிக்க அறியாதவர்கள். பிள்ளை படித்த பாடமோ அவர்களுக்குத் தெரியாத மொழியில் இருந்தது. இருந்தும் அந்தத் தோட்டங்களிலிருந்து ஆசிரியர்களும் எழுத்தர்களும் மருத்துவர்களும் வந்தார்கள் என்றால், அதற்குப் பின்னால் பாடநூல் அறிவைச் சாராத ஒரு துணை இருந்தது என்றே கொள்ள வேண்டும். பிள்ளையின் உழைப்பையும் தன் ஓய்வையும் குடும்பம் விட்டுக்கொடுத்ததே அந்தத் துணை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜொகூரின் வருவாய் பெரும்பாலும் சீனக் குடியேறிகள் பயிரிட்ட காம்பியர் செடியையும் மிளகையும் நம்பியிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் அந்த இடத்தைப் பிடித்தது; 1909இல் ஜொகூர் ஊடாகச் செல்லும் இரயில் பாதை நிறைவுற்றதும் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று பாதையை ஒட்டிய ஊர்களைச் சுற்றித் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள், அதாவது ஆள் திரட்டி வந்து அவர்களையே மேய்க்கும் மேற்பார்வையாளர்கள், குடும்பம் குடும்பமாக மக்களை அழைத்து வந்தார்கள். ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு கூட்டு மலாய் மாநிலங்களில் விதித்தது. ஜொகூர் அந்தக் கூட்டில் சேராத மாநிலமாயினும் அங்கும் தோட்டப் பள்ளிகள் இதே முறையில்தான் எழுந்தன. பள்ளி என்று பெயர் பெற்றது பல இடங்களில் ஒற்றை அறைக் கொட்டகை. எல்லா வகுப்புக்கும் ஒரே ஆசிரியர் இருந்ததும் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்ற பிள்ளை அடுத்த தலைமுறைத் தொழிலாளியாக வேண்டும் என்பதைத் தவிர இந்தப் பள்ளிகளிடம் நிர்வாகம் எதையும் எதிர்பார்க்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகக் கல்வியியல் அறிஞர் தி. மாரிமுத்து பிற்காலத்தில் தமது ஆய்வில் தோட்டப் பள்ளியைச் சமூக மறுவுற்பத்தியின் கருவி என்று விளக்கினார். பெற்றோரின் நிலையையே பிள்ளைக்கும் வழங்கும் அமைப்பு என்பது அதன் பொருள். கடுமையான முடிவுதான், ஆனால் தோட்ட வாழ்வின் பொருளாதாரத்தை அறிந்தவர்களால் அதை எளிதில் மறுக்க முடியாது.

அந்தப் பொருளாதாரத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெற்றோரின் துணை என்னும் சொல்லுக்கு உண்மையான விலை அங்கேதான் இருக்கிறது. பால்மரம் வெட்டுபவருக்கு நிரை எனப்படும் மரவரிசைகள் ஒதுக்கப்படும். விடியலின் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் இருள் விலகும் முன்பே பெரட்டு, அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் வழக்கம், நடந்து முடியும். வெட்டி முடித்த மரங்களுக்குத் திரும்பி வந்து, மங்கு என்று தோட்டத்தில் வழங்கிய சிறு கோப்பைகளிலிருந்து பாலை வாளிகளில் ஊற்றி, காண்டா என்னும் சுமைக்கழியில் மாட்டித் தோளில் சுமந்து நிறுவைக் கொட்டகைக்குக் கொண்டுசேர்க்க முற்பகல் கடந்துவிடும். கொண்டுவந்த பாலின் அளவும் வருமானத்தை நிர்ணயித்ததால், மங்கு துடைக்கவும் மரத்தில் உறைந்துபோன ஒட்டுப்பாலைப் பொறுக்கவும் கூடவே வரும் இரண்டு சிறு கைகள் அந்த வீட்டுக்கு மெய்யான பணம். வேலைக்குப் போகாத நாளிலும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் விறகு சேர்க்கவும் தண்ணீர் பிடிக்கவும் மூத்த பிள்ளை, குறிப்பாக மூத்த பெண், தேவைப்பட்டாள். ஆகவே பதினைந்து வயதுப் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவைப்பது என்பது பேனாவும் சீருடையும் வாங்கும் செலவோடு முடியவில்லை. வரவேண்டிய வருமானம் ஒன்று மாதந்தோறும் வராமல் போவதையும் குடும்பம் ஏற்க வேண்டியிருந்தது. ஒரு மகனைப் படிக்க வைக்க இரண்டு மகள்கள் ரப்பர்க் காட்டு வேலைக்குப் போன வீடுகள் உண்டு. தேர்வில் வென்றவர்களின் பெயரை நினைவில் வைத்திருக்கும் சமூகம் அந்தப் பெண்களின் பெயரையும் நினைவில் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானியர் ஆட்சி இந்த மெல்லிய ஏற்பாட்டையும் சிதைத்தது. 1942க்கும் 1945க்கும் இடையில் ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள்; திரும்பாத தந்தையரின் வீடுகளில் பிள்ளைகளே உழைப்பாளிகளாயினர். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் ஜொகூர் கடுமையான மோதல்களைக் கண்ட மாநிலங்களுள் ஒன்றாக இருந்தது. முள்வேலியும் ஊரடங்கும் இரவு நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தின.

1957இல் மலாயா விடுதலை பெற்றபோது நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. ஆனால் அவற்றுள் எதுவும் தொடக்கக் கல்விக்கு மேல் பிள்ளையைக் கொண்டுசெல்லும் பாதையாக அமையவில்லை. இடைநிலைப் பள்ளியில் சேர ஆறாம் வகுப்பின் முடிவில் நுழைவுத் தேர்வு ஒன்று இருந்தது; அதில் தவறியவர்களுக்குத் தோட்ட வேலையே காத்திருந்தது. 1964இல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டு 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் இடைநிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டான மூன்றாம் படிவம் வரை தொடர வழி திறந்தபோது, தோட்டக் குடும்பங்கள் முதன்முறையாகப் பெருமளவில் தேர்வு ஆண்டு என்னும் அனுபவத்துக்குள் நுழைந்தன. தமிழ்ப் பள்ளியிலிருந்து வேறு பயிற்று மொழிக்கு மாறும் பிள்ளை முதலில் புகுமுக வகுப்பு எனப்படும் ஓராண்டு மொழிப் பயிற்சி வகுப்பில் அமர வேண்டியிருந்தது. இதனால் ஐந்தாம் படிவத் தேர்வை மற்றவர்கள் பதினேழு வயதில் எழுத, அந்தப் பிள்ளை பதினெட்டில் எழுதியது. சட்டத்தில் ஒரு வரியாகத் தெரியும் இந்த ஓராண்டு, லயத்து வீட்டில் இன்னும் ஒரு வருடக் கூலியை இழப்பதாக உணரப்பட்டது.

லயத்து வீடு என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட குடியிருப்பு. ஓர் அறை அல்லது இரண்டு அறை, பின்புறம் அடுப்படி, முன்புறம் அஞ்சடி எனப்படும் குறுகிய திண்ணை. தடுப்புப் பலகைகள் கூரை வரை எட்டாத வீடுகளில் பக்கத்து வீட்டு வானொலியும் சண்டையும் குழந்தையின் அழுகையும் ஒன்றாகவே கேட்டன. பல தோட்டங்களில் மின்சாரம் நிர்வாகத்தின் ஜெனரேட்டரிலிருந்து மாலையில் சில மணி நேரம் மட்டும் வந்தது. அது நின்றபின் மண்ணெண்ணெய் விளக்கு. இத்தகைய வீட்டில் தேர்வு ஆண்டுக்கென்று பெற்றோர் செய்த மாற்றங்கள் வெளியாருக்கு எளிதில் புலப்படாதவை. அஞ்சடியில் ஒரு மேசை போடப்படும், அல்லது தேநீர்ப் பெட்டியின் பலகை மேசையாகும். சீட்டாட்டமும் ஊர்ப்பேச்சும் வேறு திண்ணைக்கு இடம் மாறும். தம்பி தங்கைகள் முன்னதாகவே படுக்க வைக்கப்படுவார்கள். விடியற்காலை நான்கு மணிக்குச் சோறாக்க எழும் தாயின் நேரமே பிள்ளையின் படிப்பு நேரமாகவும் ஆனது: அவள் அடுப்பை மூட்டியதும் பிள்ளையை எழுப்பி, முகம் கழுவ வைத்து, கறுப்புக் காப்பியை அருகில் வைத்துவிட்டுப் பெரட்டுக்குப் புறப்படுவாள். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. பக்கம் புரள்கிறதா என்பது தெரியும். பட்டணத்துப் பள்ளிக்குப் போகத் தோட்ட லாரியில் இடம் கேட்டு, அலுவலக எழுத்தரான கிராணியிடம் தந்தை நின்றதும், குளுவாங்கிலோ ஜொகூர் பாருவிலோ இருந்த உறவினர் வீட்டில் பிள்ளையைத் தங்கவைத்து மாதந்தோறும் அரிசியும் காய்கறியும் கொண்டுசேர்த்ததும் இதே வரலாற்றின் பகுதிகள்தாம்.

1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்ப் பயிற்று மொழிக்கு மாறி, 1980இல் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். மலாயிலேயே நடந்தது. மலாய் மொழித் தாளில் தவறினால் சான்றிதழே இல்லை என்ற விதி, தமிழ்ப் பள்ளியில் தொடங்கிய பிள்ளைகளின் தேர்வு ஆண்டைப் பெரும்பாலும் ஒரே தாளைச் சுற்றிய அச்சமாக மாற்றியது. 1973இல் வெளிவந்த முராட் அறிக்கை, பள்ளியை விட்டுப் பிள்ளைகள் விலகுவதற்கு வறுமையும் கிராமப்புறச் சூழலும் முக்கியக் காரணங்கள் என்று காட்டியது. 1975இல் பாடநூல் இரவல் திட்டம் தொடங்கியபோது ஏழைப் பெற்றோரின் ஒரு பெரும் செலவு குறைந்தது. புத்தகம் வந்துவிட்டது, அதை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆளைத் தேடும் முயற்சியே 1980களின் கதை. 1979இல் நிறுவப்பட்ட கல்வி, சமூகநல, ஆய்வு அறவாரியமும், மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் கல்வி நிலையமும் பல்கலைக்கழக மாணவர்களையும் பட்டதாரிகளையும் கொண்டு தேர்வு வகுப்புகளை நடத்தின. ஸ்ரீ முருகன் நிலையம் நாடெங்கும் பரவி ஜொகூரிலும் வகுப்புகளை அமைத்தது. பெற்றோரை வாசலில் நிறுத்தாமல் உள்ளே கொண்டுவந்ததில்தான் அதன் தனித்தன்மை இருக்கிறது. வகுப்பு வழிபாட்டோடு தொடங்கியது. தேர்வுக்கு முன் பத்துமலை முருகன் கோயிலுக்குச் செல்லும் கல்வி யாத்திரையில் மாணவர்களோடு பெற்றோரும் கலந்துகொண்டார்கள். படிக்காத தாய்க்குக் கணிதத் தாளில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, ஆனால் கோயிலுக்கு நடப்பதிலும் விரதம் இருப்பதிலும் அவளே பிள்ளைக்கு ஆசிரியை; தனக்குத் தெரிந்த வழியில் அவள் பிள்ளையின் தேர்வில் பங்கேற்க அந்த ஏற்பாடு இடம் தந்தது. பக்தி மதிப்பெண் தருமா என்று கேட்டு இதை ஒதுக்குபவர்கள் அந்தத் தாயின் நிலையை எண்ணிப் பார்க்கத் தவறுகிறார்கள்.

இதே காலத்தில் தோட்டங்கள் கரையத் தொடங்கின. ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது, பின்னர் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. 1977இல் பாசிர் கூடாங்கில் ஜொகூர் துறைமுகம் திறக்கப்பட்டதை அடுத்து வளர்ந்த தொழிற்சாலைகள் மாசாய், ஸ்கூடாய், செனாய் பகுதிகளுக்கு இளைஞர்களை இழுத்தன. இன்று நகரத்து வீடமைப்புப் பகுதியில் நிற்கும் சில தமிழ்ப் பள்ளிகள் மறைந்துபோன தோட்டத்தின் பெயரையே இன்னும் சுமக்கின்றன. பிள்ளை காட்டில் உழைக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது; பெற்றோரிடம் கையில் சிறிது பணமும் சேர்ந்தது. அந்தப் பணம் டியூஷனுக்குப் போனது. 1988இல் அறிமுகமான யு.பி.எஸ்.ஆர். என்னும் ஆறாம் ஆண்டுத் தேர்வில் தமிழ்ப் பள்ளி மாணவர்கள் பின்னாளில் ஏழு தாள்கள் எழுதியதால் ‘7ஏ’ என்பது சமூகத்தின் பெருமைக் குறியாகி, நாளிதழ்கள் மாதிரி வினாக்களையும் பின்னர் வெற்றியாளரின் படங்களையும் வெளியிட்டன. இந்தக் கொண்டாட்டம் தமிழ்ப் பள்ளிகளின் மீதிருந்த ஏளனத்தைத் துடைத்தது என்பது உண்மை. ஆயினும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மீது ஒரு சமூகத்தின் மானத்தையே ஏற்றியது மிகையானது; 7ஏ பெற்ற பிள்ளை மூன்றாம் படிவத்தில் மலாய்ச் சூழலில் தடுமாறியபோது அதே கவனம் அவனுக்குக் கிடைக்கவில்லை. பதின்ம வயதில்தான் துணை கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதை அந்தத் தலைமுறையின் பெற்றோர் தாமதமாகவே உணர்ந்தார்கள்.

2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2022இல் மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வும் நீக்கப்பட்டன. அதன்பின் பதினேழு வயதில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வே பிள்ளை சந்திக்கும் முதல் பொதுத் தேர்வாயிற்று. முன்பு இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிட்டு வந்த குடும்பங்கள் ஒத்திகை இல்லாமல் அந்த ஆண்டுக்குள் நுழைந்தன. ஜொகூரின் தென்பகுதியில் இதற்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பெற்றோர் விடியலுக்கு முன்பே மோட்டார் சைக்கிளிலோ தொழிற்சாலைப் பேருந்திலோ பாலத்தைக் கடந்து இரவில்தான் திரும்புகிறார்கள். பெரட்டுக்குப் போன தலைமுறையாவது நண்பகலில் வீட்டுக்கு வந்தது. எழுப்புவதும் சோறு போடுவதும் பாட்டியிடமோ மூத்த பிள்ளையிடமோ போய்ச் சேர்ந்தன.

கோவிட்-19 பரவலால் 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்து எல்லை மூடப்பட்டபோது, வேலையைக் காப்பாற்ற முந்திய இரவே சிங்கப்பூருக்குள் சென்றுவிட்ட பல பெற்றோர் அங்கேயே தங்க நேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் தொடங்கிய பயண ஏற்பாட்டின்படி, குறைந்தது மூன்று மாதம் பணியாற்றிய பின்னரே அவர்கள் விடுப்பில் வீடு திரும்ப முடிந்தது. 2020ஆம் ஆண்டின் எஸ்.பி.எம். 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனதால், அந்த மாணவர்களின் தேர்வு ஆண்டு பள்ளி மூடலோடும் பெற்றோரின் பிரிவோடும் நீண்டது. விடியற்காலையில் பிள்ளையை எழுப்பும் வேலையைத் தாய்மார் சிங்கப்பூரின் வாடகை அறைகளிலிருந்து கைப்பேசி வழியே செய்தார்கள். பிள்ளை மேசையில் அமர்ந்ததைத் திரையில் பார்த்தபின் தம் வேலைக்குப் புறப்பட்டார்கள். அடுத்த ஆண்டு மாணவர்களின் எழுத்துத் தேர்வு 2022 மார்ச்சில் நடந்தது; தரைவழி எல்லை ஏப்ரல் 1ஆம் நாள்தான் முழுமையாகத் திறந்தது.