ஒரு கொக்கின் வரலாறும் அதை எழுதிய கைகளும்

தில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் முதலிய நகரங்களில் வாழும் தமிழ் மக்களுக்குப் பரத்பூர் என்னும் பெயர் புதிதன்று. தாஜ்மகாலைக் காண வரும் உறவினரை அழைத்துக்கொண்டு, அங்கிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பரத்பூர் நீர்நிலைகளையும் கண்டு திரும்பும் குடும்பங்கள் பல. அவர்களுள் பழைய நூல்களைப் படித்தவர்கள், சைபீரியக் கொக்கு எங்கே என்று கேட்பதுண்டு. அக்கொக்கு குளிர்காலந்தோறும் பரத்பூருக்கு வருகிறது என்றே அந்நூல்கள் கூறுகின்றன. உண்மையில், 2001–02 குளிர்காலத்தில் ஓர் இணை வந்து சென்றது. அதன்பின் அக்கொக்கு அங்கே வரவில்லை.

ஆகவே, இப்பறவையைப் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையில் 'வருகிறது' என்றிருக்கும் சொல்லை 'வந்தது' என்று திருத்த வேண்டும். திருத்தம் ஒரு சொல்லில்தான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னே ஏறக்குறைய நானூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதனைச் சிறிது காண்போம்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கொக்கு என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது வயல் வரப்பில் ஒற்றைக்காலில் நிற்கும் சிறு வெள்ளைக் கொக்கு. அது வேறு இனம். சைபீரியக் கொக்கு வேறு இனம். நம் ஊர்க் கொக்கு பறக்கும்போது கழுத்தை மடித்துக்கொள்ளும். மரத்தில் கூடு கட்டும். சைபீரியக் கொக்கோ கழுத்தை நேரே நீட்டிப் பறக்கும். சதுப்பு நிலத்தில் தரையிலேயே கூடமைக்கும். நின்றால் ஏறக்குறைய 140 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். உடல் தூய வெண்மை, முகம் செந்நிறம். இறக்கையின் நுனியிலுள்ள கருமை, அது பறக்கும்போதுதான் நன்கு புலப்படும். இவ்வேறுபாடு தெரியாதவர், பரத்பூரில் வெள்ளைப் பறவை ஒன்றைக் கண்டதுமே சைபீரியக் கொக்கு மீண்டும் வந்துவிட்டதென எழுதிவிடக்கூடும்.

இப்பறவையை நம் நாட்டில் முதன்முதலில் துல்லியமாகப் பதிவு செய்தவர் நூலாசிரியர் அல்லர், ஓர் ஓவியர். 1627ஆம் ஆண்டில் மறைந்த மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவையில் விளங்கிய உஸ்தாத் மன்சூர் இதனை வரைந்தார். அவ்வோவியம் கல்கத்தா இந்தியப் பொருட்காட்சி சாலையில் பாதுகாக்கப்பட்டுள்ளது. ரஷ்ய அரசின் பணியிலிருந்த ஜெர்மானிய அறிஞர் பல்லாஸ், இக்கொக்கிற்கு அறிவியற் பெயரிட்டு விளக்கம் எழுதியது 1773ஆம் ஆண்டில்தான். வடக்கே ஒருவர் பெயரிட்டார். தெற்கே ஒருவர் அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே வரைந்து வைத்திருந்தார். ஒருவர் செய்ததை மற்றவர் அறிந்தார் என்பதற்கில்லை.

மூன்றாவதாக வருபவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885ஆம் ஆண்டில் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாயிருந்த அதே ஹியூம்தான். ஐக்கிய மாகாணமென்று பின்னாளில் பெயர்பெற்ற பகுதியில், எட்டாவா மாவட்டத்தின் ஆட்சியாளராக அவர் பணியாற்றினார். அங்குள்ள ஏரிகளில் இக்கொக்கினைக் கண்டு, அது நீர்த்தாவரங்களையே உண்கிறது என்று குறித்தார். அவருடைய முறை குறிப்பிடத்தக்கது. நாடெங்கும் பரவியிருந்த அதிகாரிகளோடும் ஆர்வலர்களோடும் கடிதத் தொடர்பு கொண்டு, ஒவ்வொருவரும் கண்டவற்றைத் தொகுத்தார். 1872 முதல் பறவைகளுக்கென ஓர் இதழும் நடத்தினார். ஆயினும் அவர் பல்லாண்டுகள் எழுதிச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளைச் சிம்லாவில் வேலையாள் ஒருவன் பழைய காகித விலைக்கு விற்றுவிட்டான். ஒரே இடத்தில் பூட்டி வைக்கப்படும் அறிவு எளிதில் அழியும். பலர் கையில் பகிரப்பட்ட அறிவு நிலைக்கும். அச்சிலேறி வெளிவந்த குறிப்புகளே நமக்கு எஞ்சின.

இனிப் பரத்பூருக்கு வருவோம். அங்குள்ள நீர்நிலை இயற்கையாக மட்டும் அமைந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் மகாராஜா சூரஜ்மல் காலத்தில் எழுப்பப்பட்ட அஜான் அணையினின்றும் நீர் பெற்றது. பின்னர் அது மன்னர்களின் வாத்து வேட்டைக் களமாயிற்று. கேவலாதேவ் கோயிலருகே நிற்கும் கற்பலகைகள், எந்நாளில் எவர் எத்தனை பறவைகளைச் சுட்டனர் என்று கணக்குக் கூறுகின்றன. 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், வைசிராய் லின்லித்கோ பிரபு வந்தபோது ஒரே நாளில் வீழ்ந்தவை 4,273. பறவைகளைக் கொன்ற கணக்குத்தான் அங்கே முதலில் கல்லில் எழுதப்பட்டது. வாழும் பறவைகளை எண்ணும் வழக்கம் பின்னர் வந்தது.

1960களில் பரத்பூருக்கு வந்த சைபீரியக் கொக்குகள் ஏறக்குறைய 200. 1970களில் அமெரிக்க ஆய்வாளர் ரான் சாவே அங்கே தங்கி அவற்றின் வாழ்க்கையை ஆராய்ந்தார். எனினும் இக்கொக்குகள் கோடையில் எங்கே குஞ்சு பொரிக்கின்றன என்பது விளங்காமலே இருந்தது. 1981ஆம் ஆண்டில் சோவியத் ஆய்வாளர் சொரோக்கின், மேற்குச் சைபீரியாவில் ஓப் நதியோடு கலக்கும் குனோவத் ஆற்றுப் பகுதியில் அவற்றின் கூடுகளைக் கண்டார். வடக்கின் கூடும் தெற்கின் ஏரியும் அப்போதுதான் ஒரே கட்டுரையில் இடம்பெறலாயின.

கட்டுரையில் பிழை நேர்ந்தால் கட்டுரை மட்டும் கெடும் என்று நாம் எண்ணலாகாது. 1982ஆம் ஆண்டில் பரத்பூர் தேசியப் பூங்காவாயிற்று. எருமை மேய்ச்சல் பறவைகளுக்குக் கேடு என்ற கருத்து அன்று வலுப்பெற்றிருந்தது. மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த கிராமத்தார் எதிர்த்தனர். அவ்வாண்டு நடந்த மோதலில் உயிர்கள் பலியாயின. பின்னர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். எருமைகள் மேயாததால் ஒருவகை நீர்ப்புல் தடையின்றி வளர்ந்து, திறந்த நீர்ப்பரப்பை மூடிவிட்டது என்று கண்டனர். காக்கவென்று இட்ட தடையே பறவைகளுக்குத் தடையாயிற்று. கிராமத்தாரின் அனுபவத்தை முதலிலேயே கேட்டு எழுதியிருந்தால் அந்த உயிர்கள் போயிராவோ என்ற எண்ணம் எழாமலிராது.

இதற்கிடையே கொக்குகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. அவை பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து, ஆப்கானிஸ்தானத்து ஏரிகளில் இளைப்பாறி வந்தவை. வழியிலே வேட்டை, 1979 முதல் அந்நாட்டில் ஓயாத போர், வற்றிய நீர்நிலைகள். இக்கொக்கு பெரும்பாலும் இரண்டு முட்டை இட்டாலும் ஒரு குஞ்சுதான் பிழைக்கும். ஆதலால் இழந்ததை விரைவில் ஈடு செய்ய அதனால் இயலாது. 1993–94 குளிர்காலத்தில் பரத்பூருக்கு ஒன்றும் வரவில்லை. பின்னர் நான்கு வந்தன, பின்னர் இரண்டு, பின்னர் இல்லை.

நாடுகள் வாளாவிருந்தன என்று கூறல் பொருந்தாது. பகைமை மிகுந்திருந்த காலத்திலும், 1977இல் சோவியத் நாட்டிலிருந்து இக்கொக்கின் முட்டைகள் அமெரிக்காவுக்கு விமானத்தில் சென்றன. அங்கே குஞ்சுகள் வளர்க்கப்பட்டன. 1993ஆம் ஆண்டில் இதனைக் காக்கவென்று நாடுகளிடையே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஆயினும் நம் நாட்டுக்கு வந்த வழியை அறிந்த பறவைகள் மறைந்துவிட்டன; வழியைப் பெற்றோரிடம் கற்கும் பறவைக்கு அதனை மனிதர் கற்பிப்பது எளிதன்று. ஈரானுக்குப் பல ஆண்டுகள் ஒரே ஒரு கொக்குதான் வந்துகொண்டிருந்தது. அதற்கு நம்பிக்கை என்று பொருள்படும் 'ஓமித்' என்னும் பெயரை அந்நாட்டார் சூட்டினர். சீனத்துப் போயாங் ஏரிக்கு வரும் கிழக்குக் கூட்டத்தில் மட்டும் சில ஆயிரம் எஞ்சியுள்ளன.

ஓவியர், அதிகாரி, ஆய்வாளர், மேய்ப்பர் எனப் பலரின் பங்கும் சேர்ந்தே ஒரு பறவையின் கட்டுரை உருவாகிறது. தமிழில் 1954ஆம் ஆண்டு முதல் பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்த கலைக்களஞ்சியமும் பல நூறு அறிஞர் கூடி ஆக்கியதே. 2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலோ, படிப்பவர் எவரும் திருத்தம் செய்யலாம். அதற்கும் ஒழுங்கு உண்டு. அச்சில் அல்லது ஆய்வில் வெளிவந்த சான்றின்றி எதையும் சேர்த்தல் கூடாது. நாம் கண்ணாற் கண்டதற்கு வேறு இடம் இருக்கிறது: 1987 முதல் ஆசிய நாடுகளில் சனவரிதோறும் நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் அதனைப் பதிவு செய்யலாம்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழருக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு உண்டு. நாம் இந்தியில், வங்காளியில், குஜராத்தியில் பேசவும் படிக்கவும் பழகிவிட்டோம். அவ்வம் மொழிகளில் வெளியான ஆய்வையும், அவ்வவ்விடத்துப் படகோட்டியும் மேய்ப்பரும் கூறிப் பதிவான செய்தியையும் தமிழுக்குக் கொணர நம்மால் இயலும். ஊரிலிருக்கும் தமிழருக்கு அது எளிதன்று.

அடுத்த குளிர்காலத்தில் பரத்பூர் செல்வோர் சைபீரியக் கொக்கைக் காணாமல் திரும்ப நேரிடலாம். வரவில்லை என்பதையும் ஆண்டோடும் சான்றோடும் குறித்து வைப்பது நம் கடமை. ஆண்டுதோறும் அவ்வாறு குறித்து வந்தால்தான், என்றேனும் ஒரு நாள் அது வருமாயின், வந்தது என்று எவரும் ஐயுறாதவாறு எழுத முடியும்.