முதல் நூலும் கொழும்பும்

ஈழத்து எழுத்தாளன் தன் முதல் நூலைத் தானே அச்சிட்டுத் தானே விற்பது நெடுங்கால வழக்கு. தமிழகச் சஞ்சிகைகள் சந்தையை நிறைத்திருந்தமை அதற்கொரு காரணம். எழுபதுகளின் தொடக்கத்தில் அவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அக்காலத்திலேயே, கொட்டாஞ்சேனையை அடுத்த கிராண்ட்பாஸ் வீதியில் வீரகேசரிப் பிரசுரங்கள் தோன்றின.

1973இல் அவ்வரிசையில் வெளிவந்த 'நிலக்கிளி' அ. பாலமனோகரனின் முதல் நாவல். வன்னியின் தண்ணிமுறிப்பே அதன் களம். சாகித்திய மண்டலப் பரிசையும் அது பெற்றது. இறக்குமதித் தடையே இவ்வெற்றிக்குக் காரணம் என்பாருளர், அது பாதியுண்மையே. பத்திரிகை முகவர் கடைகள் வழியே நூல் ஊர்தோறும் சென்றமையே பெரிது.

1977இன் பின் இறக்குமதி தளர்ந்தது, அவ்வரிசையும் மெலிந்தது. வெள்ளவத்தையில், கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் முதல் நூலை வெளியிடும் இளைஞன், விழா முடிந்ததும் எஞ்சிய பிரதிகளைத் தன் வீட்டுக்கே சுமந்து செல்கிறான்.