பெங்குவினைக் கண்டவர்கள்

சித்திரை வெயிலில் வயல்கள் வெடித்துக் கிடக்கும் சித்தூர்ப் பகுதியில் வாழும் நமக்கும், தென்துருவத்துப் பனியில் நிற்கும் பெங்குவின் பறவைக்கும் என்ன உறவு என்று நேயர்கள் கேட்கக்கூடும். உறவு உண்டு. அது ஐந்து நூற்றாண்டுப் பழமை உடையது.

1497-ஆம் ஆண்டின் இறுதியில் ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றி வந்த வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள், இன்று மாஸல் பே என வழங்கும் விரிகுடாவில் சில நாட்கள் தங்கின. அங்கே ஒரு சிறு தீவில் வாத்தின் பருமனுள்ள விந்தையான பறவைகளை மாலுமிகள் கண்டனர். அவற்றுக்குப் பறக்க இயலவில்லை; குரலோ கழுதை கத்துவது போன்றிருந்தது. அப்பயணத்தில் உடன்சென்ற ஒருவரின் நாட்குறிப்பு இதனைத் தெரிவிக்கிறது. வேண்டிய மட்டும் அவற்றைக் கொன்றதாகவும் அதே குறிப்புக் கூறுகிறது. அந்தக் கப்பல்கள்தாம் 1498 மே மாதத்தில் கோழிக்கோட்டுக் கரையை அடைந்தன. 1499-இல் நாடு திரும்புகையில் மாலுமிகள் மீண்டும் அவ்விரிகுடாவில் இறங்கிப் பெங்குவின்களைப் பிடித்து, உப்பிட்டு, வழியுணவாகக் கொண்டு சென்றனர். மலையாளக் கரையின் நறுமணப் பொருள்களும் உப்பிட்ட பெங்குவினும் ஒரே கப்பலில் சென்றன என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அவர்கள் கண்டது ஆப்பிரிக்கப் பெங்குவின். பெங்குவின் என்ற பெயரும் முதலில் இப்பறவைக்கு உரியதன்று. வட அட்லாண்டிக் கடலில் வாழ்ந்த, பறக்கவியலாத 'கிரேட் ஆக்' என்னும் பறவையையே மாலுமிகள் அவ்வாறு அழைத்தனர். இறைச்சிக்கும் இறகுக்குமாக அதனைக் கொன்று குவித்தனர். 1844-இல் ஐஸ்லாந்தை அடுத்த எல்டே தீவில் அதன் கடைசி இணையும் மாண்டதாகக் கூறுவர். பெயர் மட்டும் தெற்கே சென்று வேறு பறவையிடம் தங்கிவிட்டது.

பெங்குவின்களில் சுமார் 18 இனங்கள் உள. அவற்றுள் அண்டார்க்டிகாக் கண்டத்தின் கரையில் குஞ்சு பொரிப்பவை மிகச் சிலவே: எம்பரர், அடேலி, சின்ஸ்டிராப், ஜென்டூ ஆகியவை முக்கியமானவை. அடேலி என்பது, 1840-இல் அக்கண்டத்தின் ஒரு பகுதியைக் கண்ட பிரெஞ்சுக் கடலோடி துய்மோன் துர்வில்லின் மனைவியின் பெயர். எம்பரர், அதாவது சக்கரவர்த்திப் பெங்குவின், மூன்றரை அடிக்கு மேல் உயரமுடையது. கொடிய குளிர்காலத்தில் கடற்பனி மீது பெட்டை ஒரே ஒரு முட்டையிட்டுவிட்டு இரை தேடிக் கடலுக்குச் செல்கிறது. ஆண் பறவை முட்டையைத் தன் பாதங்களின் மேல் ஏந்தி, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடி, உண்ணாநோன்புடன் இரண்டு மாதத்துக்கும் மேலாக அடைகாக்கிறது.

இவ்வரிய காட்சியைத் தேடிச் சென்றவர்களின் கதை நெஞ்சை உருக்குவது. 1911-இல் காப்டன் ஸ்காட் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செரி-கராட் ஆகிய மூவர், சூரியன் எழாத துருவக் குளிர்காலத்தில், 60 மைலுக்கு மேல் பனிச்சறுக்கு வண்டியைத் தாமே இழுத்துக்கொண்டு குரோசியர் முனைக்குச் சென்றனர். பவர்ஸ் முன்பு இந்தியக் கடற்படைப் பணியில் இருந்தவர். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 60 டிகிரி சென்டிகிரேடு வரை இறங்கியது. புயல் கூடாரத்தைப் பறித்துச் சென்றது; நல்வினைப் பயனாக அது மீண்டும் கிடைத்தது. ஐந்து வாரத்துக்குப் பின் மூன்று முட்டைகளோடு திரும்பினர். வில்சனும் பவர்ஸும் மறு ஆண்டே ஸ்காட்டுடன் பனியில் உயிர் துறந்தனர். எஞ்சிய செரி-கராட் 1913-இல் அம்முட்டைகளை லண்டன் இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சியகத்தில் ஒப்படைத்தார். பறவையினத்தின் தோற்றத்தை அக்கருக்கள் விளக்கும் என்ற எதிர்பார்ப்பு ஈடேறவில்லை.

அறிவுக்காக மூவர் உயிரைப் பணயம் வைத்த அதே ஆண்டுகளில், ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கேயுள்ள மக்வாரித் தீவில் வணிகர்கள் பெங்குவின்களைப் பெருங்கொப்பரைகளில் வேகவைத்து எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தனர். துருவ ஆராய்ச்சியாளர் மாஸன் முதலியோர் இதனைக் கண்டித்தனர். 1919-இல் அத்தொழில் ஒழிந்தது. 1933-இல் அத்தீவு வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது.

நம் நாட்டினரும் இவ்வரலாற்றில் இடம் பெற்றுள்ளனர். 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்ட முதல் இந்தியக் குழு, டாக்டர் எஸ். இஸட். காசிம் தலைமையில் 1982 ஜனவரி 9-ஆம் நாள் அண்டார்க்டிகாவில் இறங்கியது. தட்சிண கங்கோத்ரி, மைத்ரி, பாரதி என மூன்று நிலையங்களை நம்மவர் அடுத்தடுத்து அமைத்தனர். 2012 முதல் இயங்கும் பாரதி, லார்ஸ்மன் குன்றுகளில் கடலை அடுத்து அமைந்தது. பறவைகளுக்கு இடையூறு செய்வதைத் தடுக்கும் விதிகளை உள்ளடக்கிய இந்திய அண்டார்க்டிகச் சட்டம் 2022-இல் நிறைவேறியது.

இப்பொழுது பெங்குவினைக் காண வருவோர் பெரும்பாலும் உல்லாசப் பிரயாணிகள். 1966-இல் லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் சிறு குழுவொன்றை அழைத்துச் சென்றார். இந்நாளிலோ ஒரு பருவத்தில் வருவோர் தொகை ஒரு லட்சத்தைக் கடந்துள்ளது. பறவையிடமிருந்து ஐந்து மீட்டராவது விலகி நிற்க வேண்டும், அது நடந்து வந்தால் வழிவிட வேண்டும், காலணியைக் கழுவிய பின்பே கரையில் இறங்க வேண்டும் என்பன அங்குள்ள நெறிகள். 2024 மே மாதத்தில் அண்டார்க்டிக் உடன்படிக்கை நாடுகளின் 46-ஆவது கூட்டம் நம் கொச்சியில் நடைபெற்றபோது, இச்சுற்றுலாவை முறைப்படுத்தும் வழிவகைகள் விரிவாக ஆராயப்பட்டன. காமாவின் மாலுமிகள் வந்து சேர்ந்த அதே மலையாளக் கரையில், பெங்குவினை எவ்வளவு விலகி நின்று காண்பது என்று நாடுகள் கூடிப் பேசின.

எனினும் இன்றைய பேராபத்து கண்ணால் காண வருவோரிடமிருந்து மட்டும் தோன்றுவதன்று. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் பெல்லிங்ஸ்ஹாசன் கடற்பகுதியில் கடற்பனி காலத்துக்கு முன்பே உடைந்தது. நீர் புகாத இறகு இன்னும் முளைக்காத சக்கரவர்த்திப் பெங்குவின் குஞ்சுகள், ஆராயப்பட்ட ஐந்து குடியிருப்புகளுள் நான்கில் ஏறக்குறைய அனைத்துமே மடிந்தன. அங்கே எவரும் துப்பாக்கி ஏந்திச் செல்லவில்லை. உலகெங்கும் எரியும் நிலக்கரியும் எண்ணெயும் பெருக்கிய வெப்பம் அப்பனிக்கும் எட்டுகிறது. அவ்வெப்பத்தில், பெங்குவினை ஒருபோதும் நேரில் காணாத நம் பங்கும் உண்டு. நம் வயல்களைக் காய வைக்கும் கோடையின் கடுமையும் அவ்வெப்பத்தால் மிகுகிறது. சித்தூருக்கும் தென்துருவத்துக்கும் உள்ள இன்றைய உறவு இதுவே.